மண்ணடி பழைய வீடு: படங்களை வைத்து அளந்து, வருஷா வருஷம் ஒப்பிட்டுப் பார்க்க என்ன செய்ய வேண்டும்?

திண்ணைவீடு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மண்ணடியில் லிங்கிச் செட்டி தெருவை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் குடும்ப வீடு இருக்கிறது. தாத்தாவின் அப்பா வாங்கியது, அதற்கு முன்னால் யார் கட்டினார்கள் என்பது பத்திரத்தில் இல்லை. முன்பக்கம் திண்ணை, இரண்டு மரத்தூண், உள்ளே சின்ன முற்றம், மேலே மெட்ராஸ் டெரஸ். இன்னும் சித்தப்பா குடும்பம் அங்கேதான் இருக்கிறது. பங்காளிகளுக்குள் பேச்சு நடக்கிறது, வீடு விற்பனைக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். எப்படியானாலும் அது இருக்கிறபடி ஒரு பதிவு வேண்டும் என்று நினைக்கிறேன்.

என்னிடம் 24 மெகாபிக்சல் மிரர்லெஸ் கேமரா ஒன்று இருக்கிறது, 24 மில்லி லென்ஸோடு. போனில் ஒரு ஸ்கேனிங் ஆப் போட்டு முன்பக்கத்தைச் சுற்றி எடுத்துப் பார்த்தேன். திரையில் சுழற்றிப் பார்க்க அருமையாக இருக்கிறது. ஆனால் எனக்கு வேண்டியது அது மட்டும் இல்லை. நிலைக்கதவுக்கு மேலே ஒரு விரிசல் குறுக்காக ஓடுகிறது, முதல் மாடி கைப்பிடிச் சுவர் தெருப்பக்கம் லேசாகச் சாய்ந்த மாதிரி தெரிகிறது. இது முன்பே இப்படித்தான் இருந்ததா, கூடிக்கொண்டே போகிறதா என்று வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. சித்தி அப்போதிலிருந்தே இப்படித்தான் என்கிறார், சித்தப்பா போன மழைக்குப் பிறகுதான் என்கிறார்.

ஃபோட்டோகிராமெட்ரியில், அதாவது நிறையப் படங்களிலிருந்து அளவோடு முப்பரிமாண மாடல் கட்டும் முறையில், இன்றைக்கு ஒரு மாடல், அடுத்த வருஷம் ஒரு மாடல் எடுத்து இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் சாய்வு தெரியுமா? எவ்வளவு துல்லியம் எதிர்பார்க்கலாம்? சந்து குறுகல், எதிர் வீட்டுச் சுவருக்கும் எங்கள் சுவருக்கும் நடுவே 6 மீட்டர்தான் இருக்கும். நேரில் செய்தவர்கள் சொன்னால் நல்லது.


தூக்குக்குண்டு எழுதியது:

தம்பி, முடியும். நான் சர்வே வேலையில் இருப்பவன், கோயில் கோபுரங்களும் பழைய பங்களாக்களும் இந்த முறையில் எடுத்திருக்கிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: உங்களுக்கு வேண்டியது ஒரு மாடல் இல்லை, ஒன்றோடொன்று பேசக்கூடிய இரண்டு மாடல்கள். முதல் முறை எடுக்கும்போதே இரண்டாவது முறையை மனதில் வைத்து எடுக்காவிட்டால் அடுத்த வருஷம் கையில் இருப்பது தொடர்பே இல்லாத இரண்டு அழகான படங்கள்தான்.

துல்லியக் கணக்கு சுலபம். கேமரா சென்சாரில் ஒரு பிக்சலின் அகலத்தைத் தூரத்தால் பெருக்கி லென்ஸின் குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 0.004 மில்லிமீட்டர். 6 மீட்டர் தள்ளி நின்று 24 மில்லி லென்ஸில் எடுத்தால் சுவரில் ஒரு பிக்சல் என்பது 1 மில்லிமீட்டர். நன்றாக எடுத்தால் அளவில் அதைப் போல் ஒன்று முதல் மூன்று மடங்கு வரை பிழை வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, கைப்பிடிச் சுவர் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்திருந்தால் கண்டிப்பாகப் பிடிக்கலாம். தலைமுடி விரிசல் அரை மில்லி விரிந்ததா என்பதை இதில் கேட்காதீர்கள், அதற்கு வேறு வழி இருக்கிறது.

படம் எடுக்கும் விதம்: ஒரே இடத்தில் நின்றுகொண்டு கேமராவைத் திருப்பித் திருப்பி எடுப்பதுதான் நிறையப் பேர் செய்வது, அதில் ஆழமே கிடைக்காது. ஒவ்வொரு படத்துக்கும் நீங்கள் நகர வேண்டும், சுவருக்கு இணையாக அரை எட்டு வைத்து, முந்தைய படத்தில் வந்ததில் 80 சதவீதம் அடுத்த படத்திலும் வருகிற மாதிரி. மேலும் கீழும் வரிசை போகும்போது 60 சதவீதம் போதும். சுவரின் எந்தப் புள்ளியை எடுத்தாலும் அது குறைந்தது மூன்று படத்திலாவது, வேறு வேறு கோணத்தில், இருக்க வேண்டும். நேர்ப்படங்கள் மட்டும் எடுத்தால் சாஃப்ட்வேர் லென்ஸ் வளைவைத் தப்பாகக் கணித்து, நேரான சுவரைக் கிண்ணம் மாதிரி குழிந்தோ புடைத்தோ காட்டும். சாய்வைத் தேடுகிற உங்களுக்கு அதைவிட ஆபத்து கிடையாது. இடமிருந்தும் வலமிருந்தும் சாய்வாக ஒரு சுற்று கட்டாயம் எடுங்கள்.

ஃபோகஸைப் பூட்டி வளையத்தின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள், துளை எஃப் 8, ஐஎஸ்ஓ குறைவாக, வெள்ளைச் சமநிலை ஒரே நிலையில். ஆட்டம் தடுக்கும் வசதி உடலில் இருந்தாலும் லென்ஸில் இருந்தாலும் அணைத்துவிட வேண்டும், அது சென்சாரையோ கண்ணாடியையோ நகர்த்திக்கொண்டே இருக்கும், கணக்கு குலையும். ரா கோப்பாகவும், அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாகவும், எடுத்து வையுங்கள்.

அளவுகோல் இல்லாத மாடலுக்கு அளவே கிடையாது. போனின் ஜிபிஎஸ் சில மீட்டர் தவறும், அதை இதற்கு நம்பவே கூடாது. தட்டையான அலுமினியப் பட்டையில் சரியாக 1 மீட்டர் இடைவெளியில் இரண்டு குறி போட்டு, அது படத்தில் வருகிற மாதிரி கீழே ஒன்று, மாடியில் ஒன்று வையுங்கள். இது அளவுக்கு. ஒப்பிடுவதற்கு வேண்டியது கன்ட்ரோல் பாயிண்ட், அதாவது இடம் மாறாத குறிப்புப் புள்ளிகள். அதை அடுத்து எழுதுகிறேன், இப்போது சைட்டில் இருக்கிறேன்.


காசிமேட்டுக்காற்று எழுதியது:

அண்ணன் சொல்வது எல்லாம் சரி, நான் ஒரு வார்த்தையும் மறுக்கவில்லை. ஆனால் திண்ணைவீடு, இதையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பிக்கலாம் என்று உட்காராதீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமையே போய்க் கையில் இருப்பதை வைத்து எடுத்துவிடுங்கள். எங்கள் பக்கம் ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் ஓட்டு வீடும் திண்ணை வீடுமாக இருந்த தெருக்கள் என் கண் முன்னாலேயே மாறிவிட்டன, ஒரு வாரம் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள், அடுத்த வாரம் அங்கே வெறும் மனை இருக்கும். பங்காளிப் பேச்சு நடக்கிறது என்கிறீர்கள், அது எப்போது முடியும் என்று உங்களுக்கே தெரியாது.

இந்தக் கலையின் கதையே அதைத்தான் சொல்கிறது. 1858-ல் ஜெர்மனியில் ஆல்பிரெக்ட் மேடன்பவர் என்ற இளம் கட்டடக் கலைஞர் வெட்ஸ்லார் தேவாலயத்தைக் கையால் அளக்கும்போது மேலேயிருந்து விழப்பார்த்தார். ஏறாமல், படத்திலிருந்தே அளக்க முடியாதா என்று அப்போது யோசித்தவர்தான் பிறகு ஃபோட்டோகிராமெட்ரி என்ற பெயரையே உருவாக்கினார், 1885-ல் அவர் முயற்சியால் பெர்லினில் கட்டடங்களைப் படமெடுத்து அளப்பதற்கென்றே அரசு நிறுவனம் வந்தது. ஆயிரக்கணக்கான கண்ணாடித் தகடுகள் சேர்ந்தன. இரண்டாம் உலகப் போரில் நொறுங்கிய கட்டடங்களைத் திரும்ப எழுப்பும்போது அந்தத் தகடுகளை எடுத்துத்தான் அளந்தார்கள். பாமியான் புத்தர் சிலைகளை 2001-ல் வெடி வைத்துத் தகர்த்த பிறகு, 1970-ல் ஒருவர் அளவைக் கேமராவில் எடுத்து வைத்திருந்த படங்களை வைத்துத்தான் சூரிச் ஆய்வாளர்கள் பெரிய சிலையைக் கணினியில் முழு அளவோடு திரும்ப உருவாக்கினார்கள். எடுத்தவருக்கு அப்போது கணினி மாடல் என்ற ஒன்று வரும் என்றே தெரியாது.

நம் ஊரிலேயே பாருங்கள், மெட்ராஸ் மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் அதே 1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து 21 படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். சுவரை ஒட்டி நகர்ந்து நகர்ந்து எடுத்தது. அண்ணன் மேலே சொன்ன அதே நடைதான்.

அதனால் நான் சொல்வது, படம்தான் மூலம். சாஃப்ட்வேர் இன்னும் பத்து வருஷத்தில் எவ்வளவோ மாறும், இன்றைய படங்களை அப்போது போட்டால் இன்றைக்கு வருவதைவிட நல்ல மாடல் வரும். எடுக்காத படத்தை எந்த சாஃப்ட்வேரும் தராது.

பழகிப் பார்க்க வேண்டுமானால் பழைய ஜெயில் சாலை ஓரத்தில் நிற்கும் பழைய நகர மதில் நல்ல இடம், ஹைதர் அலி படையெடுப்புக்குப் பிறகு கறுப்பர் நகரை, அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனை, சுற்றிக் கட்டினார்களே, அதில் மிச்சம் இருக்கும் துண்டு. செங்கல்லும் காரையும் வெளியே தெரிவதால் சாஃப்ட்வேர் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் முக்காலி வைப்பதாக இருந்தால் முதலில் கேட்டுவிடுங்கள். ராயபுரம் ரயில் நிலையமும் அழகு, 1856-ல் திறந்தது, நாட்டில் இன்றும் நிற்கிற நிலையங்களில் ஆகப் பழையது, ஆனால் ரயில்வே வளாகத்துக்குள் கேமராவைத் தூக்கினால் அனுமதி கேட்பார்கள்.


சுண்ணாம்புக்காரை எழுதியது:

நான் கேமரா ஆள் இல்லை, பழைய கட்டடங்களைச் செப்பனிடும் வேலை. எதைப் பதிவு செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் முகப்பை மட்டும் எடுத்துவிட்டு, நோய் இருக்கிற இடத்தை விட்டுவிடுகிறார்கள்.

முதலில் தெருவைப் பாருங்கள். மண்ணடி, முத்தியால்பேட்டை, வண்ணாரப்பேட்டை எல்லா இடத்திலும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு ரோடு ஏறிவிட்டது. திண்ணைக்கு ஏற மூன்று படி இருந்த வீட்டில் இன்று ஒரு படிதான் வெளியே தெரியும், சில வீட்டில் வாசலில் இருந்து உள்ளே இறங்க வேண்டியிருக்கிறது. மழைத் தண்ணீர் சுவரின் காலடியில் நிற்கிறது. சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும், அது தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும். தரையிலிருந்து மார்பு உயரம் வரை பூச்சு உப்புப் பூத்து உதிர்ந்திருக்கும், கையால் தேய்த்தால் வெள்ளையாக மாவு வரும். கடல் பக்கத்தில் இருப்பதால் காற்றிலிருந்தும் உப்பு சேர்கிறது. பிறகு யாராவது வந்து அந்த இடத்தில் சிமெண்ட் பூசிவிடுவார்கள், ஈரம் வெளியே வர வழியில்லாமல் இன்னும் மேலே ஏறி முதல் மாடி உத்திரத்தின் நுனிவரை போகும். அந்த ஈரக்கோடு வருஷத்துக்கு எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து காட்டினால் வீட்டுக்காரருக்குப் புரியும், வாயால் சொன்னால் புரிவதில்லை. உங்கள் மாடலில் ரோட்டின் மட்டம், திண்ணையின் மட்டம், ஈரக்கோட்டின் உயரம் மூன்றும் வர வேண்டும்.

அப்புறம் தளம். மெட்ராஸ் டெரஸ் என்றால் தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, சுவருக்குக் கோணலாக வரிசை வரிசையாகச் சுண்ணாம்பில் ஒட்டி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதித்தது. கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் கட்டைகளுக்கு நடுவே அந்தச் செங்கல் வரிசை தெரியும். கட்டை நுனி சுவருக்குள் போகிற இடம்தான் முதலில் உளுக்கும், கறையான் வரும். அந்த நுனிகளை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் போய் எடுங்கள். கட்டைகளுக்கு எண் கொடுத்துச் சுண்ணக்கட்டியால் சின்னதாக எழுதி வைத்தால் அடுத்த வருஷம் குழப்பம் வராது. நடுவில் தளம் தொய்ந்திருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அண்ணன் சொல்கிற கணக்கில் தெரிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

விரிசலுக்கு நாங்கள் செய்வது பழைய முறை. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லை இரண்டு பக்கமும் ஒட்டித் தேதி எழுதிவிடுவோம். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். எவ்வளவு என்று வேண்டுமானால் விரிசல் அளக்கிற பிளாஸ்டிக் கேஜ் கிடைக்கிறது, மாதம் ஒரு முறை படித்து நோட்டில் எழுதினால் போதும். கைப்பிடிச் சுவரில் அரசஞ்செடி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பிடுங்காதீர்கள், வேரோடு சுவரும் வரும். வெட்டி வேரைச் சாகடிக்க வேண்டும். அதற்கு முன்னால் அது இருக்கிற நிலையில் ஒரு படம்.


திண்ணைவீடு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. காசிமேட்டு அண்ணன் சொன்னபடி முதல் சுற்று எடுத்தாகிவிட்டது. சுண்ணாம்புக்காரை சார், நீங்கள் சொன்ன பிறகுதான் பார்த்தேன், திண்ணையின் ஓரக் கருங்கல்லில் ஒரு பூ வேலைப்பாடு இருக்கிறது, அதன் கீழ்ப்பாதி தாருக்குள் போய்விட்டது. பாட்டி அந்தப் பூவுக்கு மஞ்சள் குங்குமம் வைப்பார் என்று சித்தி சொன்னார்.

சில சிக்கல்கள். சந்தில் மின்சார வயரும் கேபிள் வயரும் முகப்பின் குறுக்கே கொத்தாகப் போகிறது, மாடலில் அது சுவரோடு சேர்ந்து பிசின் மாதிரி வருகிறது. காலை ஆறரைக்கே எதிர்க் கடைக்கு லோடு இறக்க வண்டி வந்து நின்றுவிட்டது. முன்னறை போன பொங்கலுக்கு எமல்ஷன் அடித்தது, அந்தச் சுவர் முழுக்க ஓட்டை ஓட்டையாக வந்திருக்கிறது. உள் தரை சிவப்பு ரெட் ஆக்சைடு, பளபளப்பு, அதுவும் சரியாக வரவில்லை. மொட்டை மாடிக்கு ட்ரோன் வாடகைக்கு எடுக்கலாமா? கன்ட்ரோல் பாயிண்ட் பற்றி தூக்குக்குண்டு அண்ணன் எழுதுவதாகச் சொன்னார், அதற்காகக் காத்திருக்கிறேன்.


தூக்குக்குண்டு எழுதியது:

ட்ரோன் வேண்டாம் தம்பி. துறைமுகம், கோட்டை, தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கிற இடம் அது, ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல், முறையான அனுமதி இல்லாமல் அங்கே எதையும் பறக்க விடக் கூடாது. உங்கள் வீட்டுக்குத் தேவையும் இல்லை. பெயின்டர் வைத்திருக்கிற நீளக் கம்பு ஒன்றின் நுனியில் கேமராவைக் கட்டி, போனிலிருந்து கிளிக் செய்தால் மொட்டை மாடி, கைப்பிடிச் சுவரின் வெளிப்பக்கம் இரண்டும் வந்துவிடும். எதிர் வீட்டு மாடி ஜன்னலில் நின்று எடுக்க அவர்களிடம் கேளுங்கள், மேல் வரிசைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

வயர்: அகற்ற முடியாது, ஆனால் ஒரே வயர் வேறு வேறு கோணத்தில் சுவரின் வேறு வேறு இடத்தை மறைக்கும். படம் கூடக் கூட சுவர் தன்னால் வெளியே வரும். மிஞ்சியதைப் படங்களில் மாஸ்க் செய்துவிடலாம், அதாவது அந்தப் பகுதியைக் கணக்கில் எடுக்காதபடி மறைத்துவிடலாம். வண்டி: ஞாயிறு விடிந்தும் விடியாத நேரம், வெயில் ஏறுவதற்கு முன்னால். மேகமூட்டம் இருந்தால் இன்னும் நல்லது, நிழல் கோடு நகர்ந்தால் சாஃப்ட்வேர் குழம்பும். எமல்ஷன் சுவரில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாததுதான் காரணம். பூச்சைக் கெடுக்காத பேப்பர் டேப்பைச் சின்னச் சின்னத் துண்டாக, ஒன்று போல் ஒன்று இல்லாமல் கிறுக்கி, சுவர் முழுக்க ஒட்டி எடுத்துவிட்டுப் பிய்த்துவிடுங்கள். பளபளத் தரைக்கு போலரைசர் ஃபில்டர், பக்கவாட்டு வெளிச்சம். ஃப்ளாஷ் கூடவே கூடாது, உள்ளே முக்காலி வைத்து நிதானமாக எடுங்கள், ஃபேனை நிறுத்திவிட்டு.

உள்ளேயும் வெளியேயும் தனித்தனியாக எடுத்தால் சுவரின் கனம் கிடைக்காது. வாசலில் இருந்து நிலையைக் கடந்து ஒவ்வொரு அடியாக எடுத்துக்கொண்டே உள்ளே போங்கள், பின்வாசல் இருந்தால் அந்த வழியாக வெளியே வந்து சுற்றை மூடுங்கள். சங்கிலி மூடாவிட்டால் பிழை சேர்ந்துகொண்டே போய்க் கடைசி அறை ஒரு சாண் தள்ளி நிற்கும்.

இப்போது முக்கியமான விஷயம். இரண்டு வருஷத்து மாடல்களையும் ஒன்றன் மேல் ஒன்று பொருத்த, மாடல்களை ஒப்பிடும் கிளவுட்கம்பேர் என்ற சாஃப்ட்வேரில் தானாகப் பொருத்தும் வசதி இருக்கிறது, ஐசிபி என்பார்கள். எல்லாரும் அதைத் தட்டிவிட்டுச் சிவப்பும் நீலமுமாக வருகிற படத்தை எடுத்துப் போடுகிறார்கள். அது இரண்டு மாடலுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை முடிந்தவரை குறைக்கிற மாதிரி பொருத்தும். அதாவது வீடே மொத்தமாக ஒரு பக்கம் இறங்கியிருந்தால், இறக்கத்தை அது பொருத்தத்திலேயே விழுங்கிவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று காட்டும். அதனால் பொருத்துகிற புள்ளிகள் நீங்கள் சந்தேகப்படுகிற வீட்டில் இருக்கக் கூடாது. பக்கத்தில் ஆழமாகக் கான்கிரீட் தூண் போட்டுக் கட்டிய புதுக் கட்டடம் இருந்தால் அதன் தூண்களில், சொந்தக்காரரிடம் கேட்டு, நாலைந்து நிலையான குறி வையுங்கள். விளக்குக் கம்பம், சாக்கடை மூடி எல்லாம் ஆகாது, ரோடு போடும்போது அவை நகரும். உங்கள் வீட்டிலேயும் மாறாமல் அடையாளம் தெரிகிற இடங்களை, நிலையின் பித்தளைக் குமிழ், கருங்கல் படியின் முனை, அந்தத் திண்ணைப் பூவின் இதழ் நுனி, இப்படிப் பக்கத்தில் போய்ப் படமெடுத்துப் பட்டியல் போட்டு வையுங்கள். பழைய பூச்சில் ஆணி அடிக்காதீர்கள்.

குறிகளுக்கு நடுவே உள்ள தூரத்தை இரும்பு டேப்பிலோ லேசர் மீட்டரிலோ அளந்து எழுதுங்கள். உயரத்துக்கு டோட்டல் ஸ்டேஷன் என்ற சர்வே கருவி கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் கொத்தனாரின் டியூப் லெவலே போதும், ஒரு வாளித் தண்ணீரும் பத்து மீட்டர் ட்யூபும் இருந்தால் எதிர்ச் சுவருக்கும் உங்கள் சுவருக்கும் ஒரே மட்டத்தைச் சில மில்லிக்குள் கொண்டு போய்விடலாம். சில அளவுகளை சாஃப்ட்வேரிடம் கொடுக்காமல் தனியாக வைத்திருந்து, மாடல் வந்த பிறகு அதிலிருந்து அளந்து சரிபாருங்கள். அந்த வித்தியாசம்தான் உங்கள் உண்மையான பிழை.

முதல் வருஷ மாடலில் 2 மில்லி, இரண்டாம் வருஷத்தில் 2 மில்லி பிழை என்று வைத்துக்கொண்டால், இரண்டையும் வர்க்கம் போட்டுக் கூட்டி மூலம் எடுத்தால் 2.8, அதை 95 சதவீத உறுதிக்கான 1.96-ஆல் பெருக்கினால் 5.5. ஆக 5.5 மில்லிக்குக் கீழே வருகிற எந்த நகர்வையும் நகர்வு என்று வீட்டில் போய்ச் சொல்லாதீர்கள். அதற்கு மேலே வந்தால் தாராளமாகச் சொல்லலாம். கிளவுட்கம்பேரில் எம்3சி2 என்று ஒரு முறை இருக்கிறது, இந்தப் பிழை எல்லையையும் சேர்த்தே கணக்குப் போடும். மாடல் கட்ட மெட்டாஷேப் காசு கொடுத்து வாங்க வேண்டியது, மெஷ்ரூம், கோல்மேப் இரண்டும் இலவசம். ஆனால் அந்த இரண்டிலும் முழு அடர்த்தியான மாடல் கட்ட என்விடியா கிராபிக்ஸ் கார்டு வேண்டும். கார்டு இல்லாத கணினி என்றால் மெட்டாஷேப்பை ராத்திரி ஓட விட்டுக் காலையில் பாருங்கள்.

எப்போது எடுப்பது என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து, பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்கு முன்னால் ஒரு முறை. ஈரக்கோடு அப்போதுதான் முழுசாகத் தெரியும், பெயிண்ட் அடித்துவிட்டால் விரிசலும் மறைந்துவிடும். ஒவ்வொரு வருஷமும் அதே வாரம், அதே நேரம், அதே லென்ஸ். சுவர் வெயிலில் விரியும் குளிரில் சுருங்கும், மே மாத மாடலை ஜனவரி மாடலோடு ஒப்பிட்டால் அதுவும் சேர்ந்து வரும்.


பர்மாபஜார்_பக்கம் எழுதியது:

நல்ல இழை. இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

கோப்புகளைப் பற்றி யாரும் பேசவில்லை. மாடலை மட்டும் வைத்துக்கொண்டு படங்களை அழிக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன், இடம் பிடிக்கிறது என்பார்கள். ரா கோப்புகள், அளவு எழுதிய நோட்டின் படம், கன்ட்ரோல் பாயிண்ட் பட்டியல், சாஃப்ட்வேர் தருகிற அறிக்கை, எந்தக் கேமரா எந்த லென்ஸ் என்ற குறிப்பு, எல்லாம் ஒரே ஃபோல்டரில் தேதியோடு, இரண்டு ஹார்டு டிஸ்கில், இரண்டு வேறு வீட்டில். ஆப்பின் சர்வரில் மட்டும் இருப்பதை நம்பாதீர்கள், சந்தா நின்றால் மாடலும் போய்விடும். குறிப்பைச் சாதாரண டெக்ஸ்ட் கோப்பில், தமிழிலேயே, அடுத்த தலைமுறைப் பிள்ளை ஒருவர் திறந்து படித்தால் புரிகிற மாதிரி எழுதுங்கள்.

இன்னொன்று, பழைய கல்யாணப் படங்கள். திண்ணையில் மாப்பிள்ளை அழைப்பு, வாசலில் நின்று எடுத்த குடும்பப் படம் எல்லா வீட்டிலும் ஒன்றிரண்டு இருக்கும். அதில் எத்தனை படி தெரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். இப்போதைய மாடலில் படியின் உயரம் தெரியும், ஆக ரோடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கணக்கு வந்துவிடும். கைப்பிடிச் சுவர் அதில் விழுந்திருந்தால் சித்தப்பா, சித்தி வழக்கும் தீரலாம். படத்தை ஸ்கேன் செய்யும்போது ஓரம் வெட்டாமல் முழுசாக, 600 டிபிஐக்குக் குறையாமல்.


திண்ணைவீடு எழுதியது:

கல்யாணப் படம் இருக்கிறது! அத்தையின் கல்யாணம், திண்ணைக்கு முன்னால் நாதஸ்வரக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், இரண்டு படி முழுசாகத் தெரிகிறது, பூவும் முழுசாகத் தெரிகிறது. கைப்பிடிச் சுவர் விழவில்லை, வாழைமரம் மறைத்துவிட்டது. இன்னொரு ஆல்பம் அத்தை வீட்டில், திருவொற்றியூரில் இருக்கிறது, போய்ப் பார்க்கிறேன்.

பக்கத்து லாட்ஜ் கட்டடம் கான்கிரீட் தூண் போட்டது, அதன் மேனேஜர் குறி வைக்கச் சம்மதித்துவிட்டார். மார்கழி கடைசி ஞாயிறு விடிகாலை எடுக்கலாம் என்று இருக்கிறேன், பொங்கல் பெயிண்டை அதுவரை நிறுத்தச் சித்தி ஒப்புக்கொண்டார். டியூப் லெவல் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும், இந்தப் பக்கம் யாராவது இருக்கிறீர்களா?


சுண்ணாம்புக்காரை எழுதியது:

நான் வருகிறேன். கட்டை நுனிகளையும் தட்டிப் பார்த்துவிடலாம். ஏணி, டியூப், கண்ணாடிச் சில்லு என்னிடம் இருக்கிறது, நீங்கள் இரும்பு டேப் மட்டும் வாங்கி வையுங்கள், துணி டேப் வேண்டாம், இழுத்தால் நீளும். சந்து முனையில் ஐந்தரைக்கு நிற்கிறேன்.